3டி எலிவேஷன் படத்தில் என்ன கோளாறு? கிளையன்ட் சொல்லும் குறையிலிருந்து காரணம் தேடும் வழிமுறை

"நல்லாத்தான் இருக்கு சார், ஆனா என்னமோ ஒட்டலை."

வீட்டைக் கட்டுவதற்கு முன்பே அதன் முகப்பைக் கம்ப்யூட்டரில் படமாகக் காட்டும் 3டி வியூ போடுகிற எல்லோரும் கேட்டுப் பழகிய வாக்கியம் இது. கேட்டவுடன் கை தானாக மூன்று இடங்களுக்குப் போகும்: சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவை) கூட்டுவது, புது மர மாடலை இறக்குவது, போட்டோஷாப்பில் நிறத்தைத் தூக்குவது. மூன்றுமே கடைசிக்கட்ட வேலைகள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும்: படம் எதற்கு என்பதில், கேமராவில், வெயிலில். தொலைத்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடினால், எட்டு மணி நேர ரெண்டர் (மாடலைப் படமாகக் கணக்கிடும் வேலை) பத்து மணி நேரம் ஆகும். படம் அப்படியேதான் இருக்கும்.

எல்லாக் குறைகளுக்கும் ஒரே வீட்டை வைத்துப் பார்ப்போம். சென்னையில் ஒரு கிரவுண்டு மனை, வடக்கு பார்த்த வாசல், காம்பவுண்டுச் சுவரோடு சேர்த்து 12 மீட்டர் முகப்பு, தரைத்தளமும் முதல் மாடியும், எதிரே 9 மீட்டர் சாலை. வி-ரே, கொரோனா, பிளெண்டர் சைக்கிள்ஸ், லூமியன் என எந்த ரெண்டர் மென்பொருளில் செய்தாலும் கீழே உள்ளவை பொருந்தும். பட்டனின் பெயர்தான் மாறும்.

முதலில் ஒரு நிமிடச் சோதனை

படத்தை 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். கறுப்பு வெள்ளையாக்குங்கள். போட்டோஷாப்பிலோ கிம்பிலோ போஸ்டரைஸ் கொடுத்து 4 அடுக்கு வையுங்கள். இப்போது மிஞ்சியிருப்பது நான்கு சாம்பல் நிறங்களில் சில திட்டுகள் மட்டும்.

வீடும் வானமும் ஒரே திட்டாக ஒட்டிக்கொண்டால் கோளாறு வெயிலில். வெள்ளைத் திட்டு ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடந்தால் கோளாறு படத்தின் நோக்கத்தில். திட்டுகள் ஒழுங்காக இருந்து, வீட்டின் உருவமும் ஒரே பார்வையில் புரிந்தால், அப்போது மட்டும் மெட்டீரியல், ஆள், மரம் பக்கம் போங்கள். இந்தச் சோதனையில் தோற்ற படத்துக்கு எவ்வளவு நல்ல செங்கல் டெக்ஸ்சர் (பரப்பில் ஒட்டும் படம்) போட்டாலும் வீண்.

"எங்க பார்க்கிறதுன்னே தெரியலை"

கார் பளபளக்கிறது, கேட் பளபளக்கிறது, மாடித் தோட்டம் பச்சையாகக் கத்துகிறது, வாசலை மட்டும் தேட வேண்டியிருக்கிறது. கம்போசிஷன் குறை போலத் தெரிந்தாலும், வேர் வேறு இடத்தில் இருக்கிறது: படத்துக்கு ஒரு வேலை கொடுக்கப்படவில்லை.

சீனைத் திறப்பதற்கு முன் ஒரு வரியை நிரப்புங்கள்: "இதைப் பார்த்துவிட்டு இன்னார் இன்னதை முடிவு செய்யவேண்டும்." நிரப்ப முடியவில்லை என்றால் கிளையன்டுக்குப் போன் போடுங்கள், ரெண்டரை ஓட்டாதீர்கள். அந்த வரி மாறினால் படத்தில் எல்லாமே மாறும்.

வீட்டுக்காரர் மாடிப்படிக் கூண்டுக்குச் செங்கல் முகமா, பூச்சா என்று முடிவு செய்யவேண்டுமா? ஒரே கேமரா, ஒரே வெயில், இரண்டு படம். ஆள் வேண்டாம், கார் வேண்டாம், சாயங்கால வெளிச்சம் வேண்டவே வேண்டாம். பொன்னிற வெயிலில் எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும், முடிவு தப்பாகிவிடும். அடுக்குமாடி பிரோஷருக்கா? அங்கே சுவரைவிட அதன் முன்னால் நடக்கும் வாழ்க்கை பெரிது. போட்டிக்கு அனுப்பும் படமா? நடுவர் ஒரு மேசையில் பல படங்களைப் புரட்டுகிறார், கட்டடத்தின் ஒரே ஒரு எண்ணம் அவர் கண்ணில் பட்டால் போதும். மேஸ்திரிக்குக் காட்டவா? சன்ஷேடின் கீழ்ப்பக்கம், தண்ணீர் சொட்டும் பள்ளம், பாரபெட்டின் மேல்மூடி தெரிகிற கோணம்தான் வேண்டும். அழகு அங்கே இடைஞ்சல்.

நோக்கம் தெளிவாக இருந்தால் எவ்வளவு விட்டுவிடலாம் என்பதற்கு அமெரிக்காவின் ஹியூ ஃபெரிஸ் 1922இல் வரைந்த நான்கு கரிப்படங்களைப் பார்க்கலாம். நியூயார்க்கின் 1916ஆம் ஆண்டு மண்டலச் சட்டம் ஒரு மனையில் எவ்வளவு உயரம், எவ்வளவு பின்வாங்கல் அனுமதிக்கிறது என்று காட்டவேண்டும், அவ்வளவுதான். சட்டம் விட்டுவைக்கும் உச்சபட்சக் கன உருவத்தில் தொடங்கி, படம் படமாக அதைச் செதுக்கிக்கொண்டு போகிறார். ஆரம்பப் படத்தில் கட்டடமே இல்லை, சட்டத்தின் வடிவம் மட்டும் இருளில் எழுந்து நிற்கிறது. அதில் ஒரு காரையோ மரத்தையோ வைத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

"எல்லாமே தெரியணும் சார்" என்று கிளையன்ட் அடம்பிடித்தால் சண்டை வேண்டாம். ஒரு பெரிய படம், மூன்று சிறிய படங்கள் என்று பிரித்துக்கொடுங்கள்: வாசல், மாடித் தோட்டம், கார் நிறுத்தம். பெரிய படத்துக்கு வாசல் மட்டும்.

வேலை தெரிந்தபின் திருத்தம் எளிது. படத்தில் மிக வெளிச்சமான திட்டும் மிக இருண்ட திட்டும் ஒன்றையொன்று தொடும் இடத்துக்குக் கண் முதலில் போகும். அந்த இடம் வாசலாக இருக்கட்டும்: வெயில் விழும் தூண், அதன் பின்னால் நிழலான சிட்அவுட். மற்ற இடங்களில் இந்த மோதலைத் தணியுங்கள். வெள்ளைக் காரைச் சாம்பலாக்குங்கள், சிவப்புக் காரை எடுத்தே விடுங்கள். பிறகு படத்தின் நான்கு விளிம்புகளையும் விரலால் தடவுவதுபோல் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கேட் தூண், மூலையில் எட்டிப்பார்க்கும் ஒற்றைக் கிளை, விளிம்போடு ஒட்டி ஓடும் காம்பவுண்டுக் கோடு போன்றவை கண்ணை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும்.

"பொம்மை வீடு மாதிரி இருக்கு"

கேமரா உயரத்தை முதலில் பாருங்கள். 3 மீட்டர், 4 மீட்டர் என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த உயரத்தில் யாரும் நிற்பதில்லை. சாலையிலிருந்து 1.5 முதல் 1.6 மீட்டருக்கு இறக்குங்கள். நம் வீடுகளுக்குப் பிளின்த் (சாலையிலிருந்து வீட்டுத் தரையின் உயரம்) 600 முதல் 900 மி.மீ. வரை ஏற்றியிருப்பார்கள் என்பதை மறக்கவேண்டாம். பிளின்த் 750 என்றால், சாலையில் நிற்பவரின் கண் சிட்அவுட் தரைக்கு மேலே வெறும் 80 செ.மீ.தான் இருக்கும். தரை ஒரு மெல்லிய கீற்றாகத்தான் தெரியும். அதுதான் சரி. அந்தத் தரையின் டைல்ஸைக் காட்டுவதற்காகக் கேமராவைத் தூக்கினால் வீடு உடனே மேசைமேல் வைத்த மாடலாகிவிடும்.

அடுத்தது லென்ஸ். முழுச்சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமரா அளவில் 18 மி.மீ. லென்ஸ் 90 டிகிரி அகலத்தைப் பிடிக்கும். ஓரத்தில் உள்ள தூண் இழுபட்டுத் தடிக்கும், பின்னால் உள்ள மாடிக்கூண்டு சுருங்கிப்போகும். 24 மி.மீ.க்கு 74 டிகிரி, 35க்கு 54, 50க்கு 40. நம் வீட்டின் 12 மீட்டர் முகப்பு படத்தின் 70 சதவீதத்தை நிரப்பவேண்டும் என்றால், 24 மி.மீ.யில் 11.4 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். 35இல் கிட்டத்தட்ட 17 மீட்டர். 50இல் 24 மீட்டர். சாலையோ 9 மீட்டர். அதாவது 35 மி.மீ. போட்டால் கேமரா எதிர்வீட்டு ஹாலுக்குள் இருக்கும். கிளிப்பிங் போட்டு எதிர்வீட்டுச் சுவரைக் கேமராவுக்கு மட்டும் மறைத்துவிடலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சாலையில் நடந்துபோகிறவர் அந்த வீட்டை ஒருபோதும் அப்படிப் பார்க்கப்போவதில்லை என்பது மனதில் இருக்கட்டும். எலிவேஷன் முடிவு செய்ய 35, தெருவில் வீடு எப்படி நிற்கும் என்று காட்ட 24 என்று வைத்துக்கொள்ளலாம். 24க்குக் கீழே போகாதீர்கள்.

செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போகச் சாய்ந்தால், கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்திருக்கிறீர்கள். கேமரா குறிபார்க்கும் டார்கெட்டையும் கேமரா உயரத்துக்கே இறக்கி, மேல்பகுதியை ஷிஃப்ட் (கேமராவைச் சாய்க்காமல் படச்சட்டத்தை மட்டும் நகர்த்துவது) கொண்டு பிடியுங்கள். ஸ்கெட்ச்அப்பில் டூ-பாயின்ட் பெர்ஸ்பெக்டிவ், பிளெண்டர் கேமராவில் ஷிஃப்ட் ஒய்.

ஹாலுக்குள் என்றால் 1.55 மீட்டர் அதிகம். சோபாவின் உட்காரும் உயரம் 45 செ.மீ., சீலிங் 3 மீட்டர், கேமரா 1.1 முதல் 1.3 மீட்டரில் இருந்தால் தரையும் சீலிங்கும் அளவோடு வரும்.

"வெயில் அடிக்குது, ஆனா சுடலை"

இங்கேதான் அதிகப் படங்கள் கெடுகின்றன, இங்கேதான் மிகக் குறைவாகத் தேடுகிறார்கள்.

மாடலின் புவியிடத்தைத் திறந்து பாருங்கள். ஸ்கெட்ச்அப்பில் இடம் எதுவும் கொடுக்காவிட்டால் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரம் இருப்பது வழக்கம். அது 40 டிகிரி வடக்கு; சென்னை 13 டிகிரி. போல்டரில் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான் நிற்கும், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 27 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. சென்னையில் டிசம்பர் நண்பகலில்கூட 53 டிகிரி. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்பிவருகிறது. இடையில் உள்ள மாதங்களில் நண்பகல் வெயில் நம் வீட்டின் வடக்கு முகத்தில் படுகிறது. போல்டரில் வைத்துப் போட்ட படத்தில் நண்பகலில் அந்த முகம் எப்போதும் நிழலில் கிடக்கும். பார்ப்பவருக்கு அட்சரேகை தெரியாது. ஆனால் இந்த ஊரில் இத்தனை வருடம் வெயிலில் நடந்தவருக்கு ஏதோ வெளியூர் வெளிச்சம் என்று தெரியும். "ஒட்டலை" என்பதன் பொருள் அதுதான்.

இடத்தைச் சரிசெய்த பின் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் நடுவில், நண்பகலில், சூரியன் சுமார் 80 டிகிரி உயரத்தில் வடக்கே இருக்கும். 600 மி.மீ. சன்ஷேடின் நிழல் சுவரில் 3.2 மீட்டருக்கும் கீழே இறங்கும், தரைத்தளம் முழுவதும் நிழலுக்குள். தரையில் நிழலே இல்லை, வீடு மிதக்கும். அதே நாள் காலை 7:30க்கு மாற்றுங்கள். உயரம் சுமார் 23 டிகிரி, திசை வடக்கிலிருந்து கிழக்காக 70 டிகிரி. வடக்குச் சுவரை வெயில் 20 டிகிரிக் கோணத்தில் உரசிக்கொண்டு போகிறது. 600 மி.மீ. சன்ஷேடின் நிழல் 750 மி.மீ. மட்டும் இறங்கும்: ஜன்னலின் மேல்பாதி நிழல், கீழ்ப்பாதி வெயில். சுவரிலிருந்து 300 மி.மீ. நீட்டிய செங்குத்துப் பட்டையின் நிழல் 80 செ.மீ. பக்கவாட்டில் ஓடும். பூச்சின் சொரசொரப்பு, செங்கல் இடுக்கு, கிரில் கம்பி எல்லாம் தானாக எழுந்து நிற்கும். இத்தனைக்கும் ஒரு மெட்டீரியலைக்கூடத் தொடவில்லை.

அதே சுவருக்கு டிசம்பரில் நேரடி வெயிலே கிடையாது. வடக்கு பார்த்த வீட்டுக்குக் குளிர்காலத் தேதியை வைத்துவிட்டு, எக்ஸ்போஷரை ஏற்றி ஏற்றிப் பார்ப்பது பழக்கமான வீண்வேலை.

இதோடு சேர்த்து மூன்று இடங்களைச் சோதியுங்கள். மாடலின் வடக்கு உண்மையான வடக்குதானா? வரைவதற்கு வசதியாக மனையைத் திருப்பியிருப்பார்கள்; சூரியனும் கூடவே திரும்பியிருக்கும். எச்டிஆர்ஐ வானமும் (ஒளியின் அளவோடு பதிவான வானப் படம்) தனிச் சூரியனும் சேர்ந்திருந்தால், இரண்டின் வெயிலும் ஒரே திசையா? தூணுக்கு இரண்டு நிழல் விழுந்தால் இல்லை என்று அர்த்தம். மூன்றாவது, நிழலின் விளிம்பு. வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. அதனால் நிழல் விழும் இடத்திலிருந்து 600 மி.மீ. தள்ளியுள்ள பொருளின் நிழல் விளிம்பு ஐந்தாறு மி.மீ.தான் மங்கும், 6 மீட்டர் தள்ளியுள்ள கிளையின் நிழல் 5 செ.மீ. மங்கும். "சாஃப்டா இருக்கட்டும்" என்று சூரியனின் அளவைப் பத்து மடங்காக்கினால் இரண்டுமே பஞ்சாகி, வெயிலின் சூடு போய்விடும்.

டர்பிடிட்டி (வானத்தின் கலங்கல் அளவு) 2, 3 என்பது மழை கழுவிய மலைவானம். கடற்கரை ஊரின் ஈரப்பதமுள்ள, வெளுத்த வானத்துக்கு 4 முதல் 6 வரை வைத்துப் பாருங்கள். வானம் கொஞ்சம் வெளிறும், தொலைவு கொஞ்சம் கரையும்.

"ஹால் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையா இருக்கு"

சுவரின் நிறம் 255, 255, 255 (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரையிலான அளவில் உச்சம்) என்று இருக்கும், பந்தயம் கட்டலாம். அதன் பொருள், விழும் ஒளி நூறு சதவீதமும் திரும்பி வருகிறது. அப்படியொரு சுண்ணாம்பு உலகத்தில் இல்லை. புதிதாக அடித்த வெள்ளைச் சுவருக்கு 230 போதும், அது 79 சதவீதம். இரண்டு மழைக்காலம் பார்த்த சுவருக்கு 215, அது 68. வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் ஐந்து முறை எதிரொளித்த பிறகு 230இல் ஒளி 31 சதவீதமாகக் குறைகிறது, 215இல் 15க்கும் கீழே. 255இல் குறைவதே இல்லை. மூலை இருளாமல், சோபாவின் அடி இருளாமல் எல்லாம் ஒரே வெள்ளையாவது இதனால்தான்.

அடுத்த குற்றவாளி ஃபால்ஸ் சீலிங் விளக்குகள். கோவ் லைட் (சீலிங் ஓரத்தில் மறைந்த விளக்கு), பன்னிரண்டு ஸ்பாட், நடுவில் ஒரு ஃபில் லைட் (நிழலை நிரப்பும் விளக்கு) என்று எல்லாவற்றையும் எரியவிட்டால், ஒன்றின் நிழலை இன்னொன்று அழிக்கும். இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

1. எல்லா விளக்கையும் அணைத்து, எல்லா மெட்டீரியலுக்கும் பதிலாக 188 சாம்பல் ஓவர்ரைடு போடுங்கள். அது 50 சதவீத எதிரொளிப்பு. கண்ணாடியை மட்டும் விலக்கிவையுங்கள், இல்லாவிட்டால் ஜன்னல் அடைத்துக்கொள்ளும்.
2. பகல்வெளிச்சம் மட்டும் வைத்து எக்ஸ்போஷரை அமைக்கவும். ஜன்னல் பக்கம் வெளிச்சம், உள்ளே போகப்போக இருட்டு என்ற இறக்கம் தெரியவேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) வெளுத்துப்போனால் போகட்டும்.
3. மெட்டீரியலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இறக்கம் இன்னும் இருக்கிறதா?
4. விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். வி-ரேயிலும் கொரோனாவிலும் லைட் மிக்ஸ் (ரெண்டர் முடிந்தபின் விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருப்பதால் மறுபடி ரெண்டர் ஓட்டத் தேவையில்லை. ஒரு விளக்கை ஏற்றியதும் எந்தப் பொருளுக்கு என்ன லாபம் என்று சொல்ல முடியவில்லையா, அணைத்துவிடுங்கள்.

பகல் படத்தில் இரண்டு விளக்குக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

சீலிங் ஃபேன் இல்லாத தமிழ்நாட்டு ஹால் என்பதும் ஒரு தனிக் குறைதான். "ஃபேன் வேண்டாம், அசிங்கமா இருக்கு" என்பார்கள். வீட்டுக்காரருக்கான படமென்றால் வையுங்கள். ஃபால்ஸ் சீலிங் ஸ்பாட்டுக்குக் கீழே ஃபேன் இறக்கை சுற்றினால் தரையில் வெளிச்சம் வெட்டி வெட்டித் துடிக்கும் என்பதை, கட்டிய பிறகு கண்டுபிடிப்பதைவிடப் படத்தில் கண்டுபிடிப்பது நல்லது.

"எல்லாமே பிளாஸ்டிக் மாதிரி"

இதைச் சரிசெய்கிறேன் என்று எல்லா விளிம்புக்கும் பெவல் (கூர்விளிம்பை லேசாக மழுக்குவது) போடுவார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். நம் எலிவேஷன் படத்தின் அகலத்தில் 17 மீட்டர் அடங்குகிறது, படம் 4000 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4.3 மி.மீ. கதவுச் சட்டத்தின் 2 மி.மீ. பெவல் அரைப் பிக்சல்கூட இல்லை. யார் கண்ணிலும் படாது. அதே பெவல் சமையலறைப் படத்தில், 3 மீட்டர் அகலத்தை 4000 பிக்சலில் காட்டும்போது, விளிம்பில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடாகப் பிடிக்கும், அங்கே அவசியம். மரப் பலகைக்கு 1 முதல் 2 மி.மீ., பூச்சு மூலைக்கு 3 முதல் 5.

வெளிப்புறப் படத்தில் பிளாஸ்டிக் தோற்றத்துக்குக் காரணம் அளவும் ஒரேமாதிரித் தன்மையும். செங்கல் டெக்ஸ்சரை அளந்து பாருங்கள்: மாடுலர் செங்கல் 190 × 90 × 90 மி.மீ., சாந்தோடு 200 × 100. நம் சூளைச் செங்கல் நீளம் 230 வாக்கில், உயரம் 70 முதல் 75. டெக்ஸ்சரில் ஒரு கல் 300 மி.மீ. நீளத்தில் வந்தால் இரண்டு மாடி வீடு ஒன்றரை மாடியாகச் சுருங்கித் தெரியும்.

தரையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 600 × 600 விட்ரிஃபைடு டைல்ஸ், 2 மி.மீ. இடுக்கு. டெக்ஸ்சரில் நான்குக்கு நான்கு டைல்தான் இருக்கிறது என்றால் 2.4 மீட்டருக்கு ஒருமுறை அதே கறை திரும்பி வரும். ஒவ்வொரு டைலுக்கும் வெவ்வேறு துண்டு வரும்படி ரேண்டம் செய்யுங்கள். அதைவிட முக்கியமானது பிரதிபலிப்பு. உண்மையான தரையில் எந்த இரண்டு டைலும் ஒரே தளத்தில் உட்காருவதில்லை, கொத்தனாரின் கைக்குத் தக்கபடி ஒவ்வொன்றும் நூலிழை சாய்ந்திருக்கும். ஜன்னலின் பிம்பம் இடுக்கைத் தாண்டும்போது கொஞ்சம் உடைந்து, விலகித் தொடரும். ஒவ்வொரு டைலின் நார்மலையும் (பரப்பு நோக்கும் திசை) 0.1 முதல் 0.3 டிகிரிக்குள் ரேண்டமாகச் சாய்த்தால் இது வந்துவிடும். பிம்பம் ஒரே நேர்கோடாக ஓடும் தரை தண்ணீர்த் தொட்டி போலத்தான் இருக்கும்.

ஆத்தங்குடித் தரை என்றால் இன்னும் கவனம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்டைக் கையால் ஊற்றிச் செய்வது அது. ஒரே அச்சில் வந்த இரண்டு கல்லில்கூட நிறம் கொஞ்சம் மாறும். அதற்கு கிரானைட்டின் கண்ணாடிப் பளபளப்பைக் கொடுக்காதீர்கள், ரஃப்னஸ் (சொரசொரப்பின் அளவு, குறைந்தால் பளபளப்பு கூடும்) 0.3 பக்கத்தில் தொடங்கி, நடைபாதையில் குறைத்து, சுவரோரம் கூட்டுங்கள். ஆள் நடந்து நடந்துதான் அந்தத் தரை பளபளக்கும்.

கறுப்புக்கும் ஒரு வார்த்தை. கறுப்பு கிரானைட், கறுப்பு கேட் எதற்கும் 0 கொடுக்கவேண்டாம். 40 முதல் 60க்குள் வையுங்கள். மீதியை நிழல் பார்த்துக்கொள்ளும்.

"ஜன்னல் கண்ணாடி செத்துக் கிடக்கு"

கண்ணாடி மெட்டீரியலைக் குறைசொல்லாதீர்கள். ஐ.ஓ.ஆர். (ஒளிவிலகல் எண்) 1.52 இருந்தால் அது சரி. கேமராவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கண்ணாடி அந்த ஒன்றுமில்லாததைத்தான் காட்டுகிறது. எதிர்வரிசை வீடுகளுக்கு நான்கைந்து சாம்பல் பெட்டிகள், இரண்டு மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி வையுங்கள், விவரம் தேவையில்லை. பகலில் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருட்டாகத்தான் தெரியும். உள்ளே ஒரு திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டால் ஆழம் வந்துவிடும். கிரில் கம்பியை மறந்திருந்தால் அதையும் போடுங்கள்.

"ஆளும் மரமும் ஒட்டவெச்ச மாதிரி"

ஆளின் அளவுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கேமரா 1.55 மீட்டரில், தரை சமம் என்றால், நிற்கும் பெரியவர்கள் அனைவரின் கண்ணும், கிட்டே நின்றாலும் தூரத்தில் நின்றாலும், ஏறக்குறைய அடிவானக் கோட்டில் வரவேண்டும். தூரத்து ஆளின் தலை கோட்டுக்குக் கீழே இறங்கினால் அவர் குள்ளம் அல்லது தரைக்குள் நிற்கிறார். பிளின்த் மேல் நிற்பவர் மட்டும் அந்த 750 மி.மீ. உயர்ந்து தெரிவார்.

அளவு சரியாக இருந்தும் ஒட்டாவிட்டால் காலடியைப் பாருங்கள். செருப்பு தரையைத் தொடும் இடத்தில் ஒரு கரிய, கூர்மையான நிழல் வேண்டும். அங்கிருந்து நிழல் சூரியனுக்கு எதிராக நீளவேண்டும். வெட்டியெடுத்த படத்தில் முகத்தின் வெயில் வலப்பக்கம், நம் வெயில் இடப்பக்கம் என்றால் ஆளைக் கண்ணாடிபோல் திருப்பிப்போடலாம். ஆனால் சேலையின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், யாராவது ஒரு அம்மா கண்டுபிடித்துவிடுவார். வேறு ஆளைத் தேடுங்கள்.

குளிர்கோட்டு போட்ட வெளிநாட்டுக்காரர் சென்னைத் தெருவில் நடக்கும் படம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு மாற்றாக எல்லாப் படத்திலும் கோலமும் வேட்டியும் திணிப்பதும் அதே தவறின் மறுபக்கம். நேரத்திலிருந்து தொடங்குங்கள். நாம் வைத்தது காலை 7:30. அப்போது அந்த வாசலில் என்ன இருக்கும்? ஈரம் காயாத தரை, அதில் கோலம், கேட்டில் தொங்கும் பால் பை, படியோரம் இரண்டு ஜோடிச் செருப்பு, ஸ்கூட்டரை வெளியே தள்ளும் ஒருவர். நாலே பொருள். மாலை 4 மணிப் படத்தில் அதே கோலம் பாதி அழிந்திருக்கவேண்டும்.

மரத்துக்கும் அதே விதி. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலக வரைபடங்களில் லக்கி சேனாநாயக்க மரங்களை இலை இலையாக வரைந்தார். பச்சை வட்டம் போட்டு 'மரம்' என்று விட்டுவிடவில்லை. மனையில் எந்த மரம் நிற்கிறதோ அந்த மரத்தைத் தேடி வையுங்கள்: வேம்பு, புங்கன், பூவரசு, தென்னை. புங்கனின் அடர்ந்த நிழலும் வேம்பின் சல்லடை நிழலும் சுவரில் வெவ்வேறாக விழும். மேப்பிள் மரத்தின் நிழல் எதிலும் சேராது. நூறு மரத்தில் ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் சுழற்சியை மாற்றி, உயரத்தை 85 முதல் 115 சதவீதத்துக்குள் கலைத்துவிடுங்கள்.

"சாயங்கால வியூ சினிமா செட் மாதிரி"

சூரியன் அடிவானத்துக்கு 4 முதல் 6 டிகிரி கீழே இருக்கும் சில நிமிடங்களைத்தான் நீங்கள் பிடிக்கிறீர்கள்; நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். வானமும் உள்விளக்கும் ஏறக்குறைய சமமாக இருப்பது அப்போதுதான். இரவு வானத்தைப் போட்டுவிட்டு வீட்டைப் பகல்போல் காட்டினால் செட்டாகிவிடும். வொயிட் பேலன்ஸை 4000 முதல் 4500 கெல்வினில் வையுங்கள். 3000 கெல்வின் விளக்கு லேசாக மஞ்சளிக்கும், வானம் நீலமாக நிற்கும். எல்லா ஜன்னலிலும் ஒரே அளவு வெளிச்சம் எந்த வீட்டிலும் இருக்காது. ஒன்றை அணையுங்கள், ஒன்றில் திரையை மூடுங்கள், சமையலறையில் மட்டும் 6500 கெல்வின் வெள்ளை எரியட்டும்.

"படத்துல இருந்தது, கட்டடத்துல இல்லையே"

இது படம் கொடுத்து இரண்டு வருடம் கழித்து வரும் குறை, செலவு வைக்கும் குறை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலோ விவரக் கையேட்டிலோ உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி நட்டப்பட்டவருக்கு புரமோட்டர் இழப்பீடு தரவேண்டும் என்கிறது. அவர் விலக விரும்பினால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தரவேண்டும். அதனால் விற்பனைப் படத்தில் கை வைக்கும்போது கேளுங்கள்: நான் அழித்தது டிரான்ஸ்ஃபார்மரையா, பக்கத்துக் கட்டடத்தையா? நான் சேர்த்த குளம் மனைக்குள் இருக்கிறதா? வெளிச்சத்தையும் ஆளையும் மரத்தையும் அழகுபடுத்தலாம். மனையின் எல்லை, தளங்களின் எண்ணிக்கை, ஜன்னலுக்கு எதிரே நிற்பது ஆகியவற்றைத் தொடவேண்டாம். பிரிட்டனில் திட்ட அனுமதிக்காகத் தயாரிக்கும் சரிபார்க்கப்பட்ட காட்சிகளுக்கு முழுச்சட்டக 50 மி.மீ. லென்ஸை வழிகாட்டு நெறி அடிப்படையாக வைப்பதும், லென்ஸை மாற்றிக் கட்டடத்தைச் சிறிதாக்கிக் காட்டக்கூடாது என்பதற்காகத்தான்.

"கிட்ட பார்த்தா பெயின்ட் அடிச்ச மாதிரி", "பிரின்ட்ல செத்துப்போச்சு"

முதலாவது டீநாய்சரின் (படத்தின் நாய்ஸ் புள்ளிகளை நீக்கும் கருவி) வேலை. சாம்பிளைக் குறைத்துவிட்டு அதன் தலையில் எல்லாவற்றையும் கட்டினால், பூச்சின் சொரசொரப்பையும் இலையையும் நாய்ஸ் என்று நினைத்து வழித்துவிடும். ஆல்பெடோ, நார்மல் பாஸ்கள் (பரப்பின் நிறத்தையும் திசையையும் தனித்தனியாகக் காட்டும் படங்கள்) அதற்குப் போகின்றனவா என்று பாருங்கள். பிறகு டீநாய்ஸ் செய்த படத்தையும் செய்யாததையும் கலந்துவிடுங்கள். சிறு துகள் மிஞ்சினால் பரவாயில்லை, கேமராவில் எடுத்த படத்திலும் அது உண்டு. வெள்ளைச் சுவரும் விளக்கின் சுற்றுப்புறமும் திடீரென்று எரிந்துபோனால் டோன் மேப்பிங்கைப் (ஒளியைத் திரை காட்டும் அளவுக்குள் அடக்கும் முறை) பாருங்கள்: பிளெண்டரில் 'ஸ்டாண்டர்டு' என்று இருந்தால் 'ஏஜிஎக்ஸ்'க்கு மாற்றவும், 4.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு அமைப்பு.

பிரின்ட்டில் முதலில் சாவது அந்த சாயங்கால நீலம். அச்சின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையால் அதைத் தொட முடியாது, ஊதாவாகவோ சாம்பலாகவோ இறங்கும். போட்டோஷாப்பில் புரூஃப் செட்டப் போட்டு முன்கூட்டியே பார்த்து, நீலத்தின் செறிவை நீங்களே குறைத்துக் கொடுங்கள். நிழல்களும் தாளில் அடைத்துக்கொள்ளும்; மிக இருண்ட பகுதியை 15, 20க்கு ஏற்றிவிடுங்கள். ஏ3 தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 4961 × 3508 பிக்சல். 20க்கு 10 அடி ஃபிளெக்ஸுக்கு அதைப்போல மூன்று மடங்கு ரெண்டர் செய்யக் கிளம்பாதீர்கள். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு 30 டிபிஐ, அதாவது 7200 × 3600 தாராளம். முழு ஃபிளெக்ஸ் அடிப்பதற்கு முன், வாசலும் வானமும் சேர்ந்து வருகிற ஒரு அடி அகலப் பட்டையை மட்டும் அதே மெஷினில் அடித்துத் தரச்சொல்லி, கடை டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காமல் வெளியே வெயிலில் பிடித்துப் பாருங்கள்.